மார்க்கண்டர் மாத்தாத மணிக்கூடு

எங்கட வீட்டில ரெண்டு அரசாங்கம். முன் அறைச் சுவரில தொங்கிற மணிக்கூடு என்ர மனிசன் மார்க்கண்டரின்ர அரசாங்கம். குசினியில அடுப்பின்ர நெத்தியில பச்சை எழுத்தில மினுங்கிற மணிக்கூடு என்ர அரசாங்கம். குளிர்காலத்தில ரெண்டும் சமாதானம். மார்ச் மாதம் ஊர் முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளேக்க, என்ர அடுப்பு ஊரோட போயிடும். அவற்ற சுவர் மணிக்கூடு அசையாது. நவம்பரில ஊர் திரும்பி வரும் மட்டும் அது தன்ர பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி ஓடிக்கொண்டிருக்கும். ஏனப்பா இந்த அநியாயம் எண்டு கேட்டா, "நான் பிந்தேல்லை, சீதேவி. ஊர்தான் முந்திப் போகுது" எண்டுவார். அந்த மணிக்கூட்டை நம்பிப் பல் டொக்டரிட்டைப் போய், அவர் கதவைப் பூட்டிக்கொண்டு காரில ஏறுறதைப் பாத்துக்கொண்டு நிண்டவள் நான். வீங்கின கன்னத்தோட திரும்பி வந்து அண்டைக்கு நான் கதைச்ச கதையில மேல் வீட்டு இத்தாலிக்காரனே எட்டிப் பாத்தவன். மணிக்கூடு மட்டும் அசையேல்லை.

மற்றும்படி ஆள் சாது. கனடாவுக்கு, இந்த மொன்றியலுக்கு வந்த புதுசில பிளாஸ்ரிக் தொழிற்சாலை, பேந்து ஒரு ரெஸ்டோரண்டில கோப்பை கழுவல், இப்ப கன வருஷமா மஞ்சள் ஸ்கூல் பஸ். சின்னதுகள் எல்லாம் "போன்ஜூர் மிஸ்யூ மார்க்" எண்டுகொண்டு ஏறுங்கள். இவர் ஒவ்வொண்டின்ர தொப்பியையும் சரி பண்ணித்தான் உள்ள விடுவார். ஒருநாளும் ஒருத்தரோடயும் சத்தம் போட்டுக் கதைக்கிற மனிசன் இல்லை. நேரம் மாத்திற கதை எடுத்தா மட்டும் சன்னதம் வந்திடும்.

"மார்ச்சில நேரம் மாத்தி அடுத்த திங்கட்கிழமை என்ர பஸ்ஸை வந்து பார். அரைவாசிப் பிள்ளையள் நித்திரை, அரைவாசி அழுகை. இருட்டுக்க சப்பாத்தை இடம் வலம் மாறிப் போட்டுக்கொண்டு வந்து நிக்குதுகள். ஆருக்காக இந்தக் கூத்து, சொல்லு பாப்பம்?"

நான் ஒரு கார்டரியில, சின்னப் பிள்ளையளைப் பகல் முழுக்கப் பாக்கிற இடத்தில, சமைக்கிறனான். சின்னதுகளின்ர வயிறு அரசாங்கம் சொல்லிப் பசிக்கிறேல்லை எண்டு எனக்கும் தெரியும். ஆனா விட்டுக்குடுக்கிற சாதி நான் இல்லை. கோடையில வேலை முடிஞ்சு வந்து, சாப்பிட்டு, கோப்பையும் கழுவி வைச்சிட்டுப் பல்கனிக்குப் போனா இன்னும் வெளிச்சம் நிக்கும். தக்காளிக் கண்டுக்குத் தண்ணி விட்டுக்கொண்டு ஒரு தேத்தண்ணி குடிக்கிற சுகம் இருக்கே! அதையும் தா, நவம்பரில ஒரு மணித்தியாலம் கூட நித்திரை கொள்ளுறதையும் தா எண்டுறன்.

"உனக்குக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" எண்டார்.

"மீசையை நீங்கள் வைச்சிருங்கோ. கூழை இஞ்சால தாங்கோ" எண்டன் நான்.

இந்த விசர் இவருக்குக் கனடாவில பிடிச்சதில்லை. நான் திருகோணமலை, இவர் மட்டக்களப்பு. தொண்ணூற்றாறாம் ஆண்டு இலங்கை அரசாங்கம், கரண்டை மிச்சம் பிடிக்கப்போறம் எண்டு சொல்லி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. ஆமியோட சண்டை பிடிச்ச இயக்கத்தின்ர பக்கம் அதை ஏற்கேல்லை. மட்டக்களப்பு ஊரை நடுவால பிரிக்கிறது ஒரு பெரிய வாவி. கிழக்குப் பக்கம், எழுவான்கரை, ரவுன் எண்ட பட்டினம் இருக்கிற பக்கம். அங்க ஆமி, புது நேரம். மேற்குப் பக்கம், படுவான்கரை, வயல் பக்கம். அங்க இயக்கம், பழைய நேரம். இவர் படுவான்கரையில இருந்து தோணியில மரக்கறி ஏத்திக்கொண்டு ரவுன் சந்தைக்குப் போறவர். அந்தக் கரையில ஏறினா ஒரு மணித்தியாலம் துலைஞ்சு போகும், திரும்பி வந்தா கிடைச்சிடும். அந்த நாளில அங்க ஆர் என்ன நேரம் சொன்னாலும் கேக்கிற முதல் கேள்வி, "பழசா, புதுசா?"

அந்தக் கேள்வி இவரோட விமானம் ஏறி வந்திட்டுது. டொக்டர் வரச்சொன்ன நேரமோ, ஆற்றையும் பிறந்தநாள் விழாவோ, நேரம் எண்டு ஒண்டு காதில விழுந்தா "பழசா, புதுசா?" தான். மார்ச் மாதம் டொலார்ட் முருகன் கோயிலுக்குப் போனா, ஐயரே இவரைக் கண்ட உடன, "புதுசு அண்ணை, புதுசு" எண்டு முந்திக்கொண்டு சொல்லிப்போடுவார். சனம் சிரிக்கும். இவரும் சிரிப்பார்.

பகிடியாப் போய்க்கொண்டிருந்தது பகிடி இல்லாமப் போனது எங்கட ஒரே மகள் சுதாஜினியின்ர கலியாணக் கதையில.

அவள் இஞ்ச மொன்றியல் ஆஸ்பத்திரியில பிறந்தவள். பிறந்த நாள் இருக்கே, அது ஒக்டோபர் மாதம் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பின அதே இரவு. அந்தக் காலத்தில ஒக்டோபர் கடைசியிலதான் திருப்பிறவை. ரெண்டு மணி அடிக்க வேண்டிய இடத்தில திரும்பவும் ஒரு மணி. அப்ப ஒண்டரை எண்ட நேரம் அந்த ஒரே இரவில ரெண்டு தரம் வரும். பிள்ளை பிறந்தது ஒண்டரைக்கு எண்டு கடதாசியில கிடக்கு. எந்த ஒண்டரை? முதலாவதா, ரெண்டாவதா?

என்னைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. நான் "முருகா, முருகா" எண்டு கட்டிடம் அதிரக் கத்திக்கொண்டு கிடந்தனான், மணி பாக்கவே எனக்கு நேரம்? இவரைக் கேட்டா, அது இன்னும் மோசம். தாதி ஊசியை எடுத்ததைக் கண்டிட்டு ஆள் வேரறுந்த வாழை மாதிரிச் சரிஞ்சிட்டார். தூக்கிக்கொண்டு போய் வெளியில ஒரு கதிரையில இருத்தியிருக்கினம். கண்ணை முழிச்சுப் பாத்தா சுவர் மணிக்கூட்டில ஒண்டரை, பக்கத்தில ஒருத்தன் ஏணியில நிக்கிறான், உள்ளுக்க பிள்ளை அழுகுது. ஏணியில நிண்டவன் மணிக்கூட்டைத் திருப்பிப்போட்டு இறங்க நிண்டவனோ, இல்லாட்டித் திருப்புவம் எண்டு ஏறினவனோ, அது அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

அவள் படிச்சு, வேலையும் எடுத்து, இருபத்தாறு வயதாகும் மட்டும் இந்த ஒண்டரையால ஒருத்தருக்கும் ஒரு கரைச்சலும் வரேல்லை. பேந்துதான் சாம்பவன் கலியாணம் கேட்டு வந்தான். லிஃப்ட் திருத்திற வேலை. நல்ல பெடியன், வாய் காதுக்குப் போற சிரிப்பு. அவளோட மூண்டு வருஷப் பழக்கத்துக்குப் பிறகு ஒருநாள் எங்கட மேசையில இருந்து சோத்தைக் குழைச்சுக்கொண்டே சொன்னான்.

"மாமி, எனக்கு சுதாதான். ஆனா அம்மா மனசார ஓமெண்டு சொல்ல வேணும். அம்மா தனக்கெண்டு என்னட்ட இதுவரைக்கும் ஒண்டும் கேட்டதில்லை. சாதகம் பாக்க வேணும் எண்டு கேட்டிருக்கிறா. அவ வேண்டாம் எண்டா என்னால ஏலாது."

அவன்ர தாய் புஷ்பவதியும் மட்டக்களப்புத்தான். சாம்பவனுக்கு நாலு வயதில புருஷன் செத்துப்போக, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இஞ்ச வந்தவள். கோட்-டெ-நெய்ஜ்ஜில ஒரு சின்ன அப்பார்ட்மென்ட். ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை செய்து அவனை ஆளாக்கினவள். ரெண்டு தரம் கண்டிருக்கிறன். அளந்துதான் கதைப்பாள்.

அவன் தாயை இப்பிடி மதிக்கிறது எனக்குப் பிடிச்சிருந்தது. என்ர மகளும் சரியெண்டாள். சாதகம்தானே, பாத்தாப் போச்சு எண்டு நினைச்சம்.

ஸ்காபரோவில இருக்கிற சாத்திரியாருக்குப் போன் எடுத்தம். "பிள்ளை பிறந்த நேரம்?" எண்டு கேட்டார். எங்கட அரிச்சந்திரன் தொண்டையைச் செருமினார்.

"ஒண்டரை ஐயா. ஆனா எந்த ஒண்டரை எண்டு எனக்குத் தெரியாது."

நான் பக்கத்தில நிண்டு நுள்ளுறன், காலால மிதிக்கிறன், கண்ணைக் காட்டுறன். ஊஹூம். ஏணிக்காரன் கதையில இருந்து எல்லாத்தையும் ஒண்டும் விடாமல் ஒப்புவிச்சார். சாத்திரியார் ரெண்டு விதமாயும் கணிச்சுப் பாத்தார். முதல் ஒண்டரை எண்டால் கடக லக்கினம், செவ்வாய் ரெண்டாம் இடத்தில, தோஷம். ரெண்டாவது ஒண்டரை எண்டால் சிம்ம லக்கினம், தோஷம் இல்லை. பெடியன்ர சாதகத்தில செவ்வாய் தோஷம் இல்லை. தோஷமுள்ள பெட்டையைக் கட்டினால் பெடியன்ர உயிருக்குக் கூடாது. "சந்தேகம் எண்டு வந்தா தவிர்க்கிறதுதான் புத்தி" எண்டு புஷ்பவதிக்கும் சொல்லிப்போட்டார்.

போனை வைச்ச உடன நான் துவங்கினன். "ரெண்டாவது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா உங்கட வாய் வெந்திடுமே? சொந்தப் பிள்ளையின்ர வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டிட்டீங்களே!"

"தெரியாததைத் தெரியும் எண்டு எப்பிடியப்பா சொல்லுறது? அந்த மனிசி இருக்கிற ஒரே பிள்ளையை எங்களை நம்பித் தரப்போகுது" எண்டார்.

நியாயமான கதைதான். நியாயம் அவற்ற பக்கம் எண்டா எனக்கு இன்னும் கோவம் கூடும். சுதாஜினி குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டிட்டு அழுதாள். தண்ணிச் சத்தத்துக்கு மேலால எனக்குக் கேட்டது.

அந்த இலையுதிர் காலத்திலதான் எங்கட கியூபெக் மாகாண அரசாங்கமும் இணையத்தில வாக்குப் போடச் சொல்லிச் சனத்திட்டக் கேட்டது: இந்த நேரம் மாத்திறதை வைச்சிருப்பமா, நிப்பாட்டுவமா எண்டு. இவருக்குக் கேக்கவும் வேணுமே! கோயில் மண்டபத்தில, தமிழ்க் கடையில, கண்ட கண்ட ஆக்களிட்டப் போய், "போட்டாச்சே? நிப்பாட்டச் சொல்லிப் போட்டாச்சே?" எண்டு நிண்டார். "ஒரு மணித்தியாலம் என்ர பிள்ளையை மறிச்சுக்கொண்டு நிக்குது. இன்னொரு பிள்ளைக்கு இது வரக்கூடாது" எண்டு சொல்லேக்க குரல் உடைஞ்சிடும். சனம் பகிடியை விட்டிட்டுப் போனை எடுத்துப் போட்டுக் குடுத்தது.

சுதாஜினி அழுத கண்ணோடயும் குறும்பு விடேல்லை. "அப்பா, நிப்பாட்டினா எந்த நேரத்தை வைக்கிறது? கோடை நேரமா, குளிர் நேரமா?"

"குளிர் நேரம்தான். சூரியன் உச்சியில நிக்கேக்க பன்னிரண்டு. அதுதான் நீதி."

"அப்ப என்ர தக்காளி?" எண்டன் நான்.

"பாத்தீங்களே, நிப்பாட்டினாலும் இந்த வீட்டில சண்டை நிக்காது" எண்டாள் மகள். மூண்டு பேரும் சிரிச்சம். கனநாளைக்குப் பிறகு சிரிச்சது.

புஷ்பவதி தன்ர முடிவை நேர வந்து சொல்லுறன் எண்டு அனுப்பியிருந்தாள். நவம்பர் முதல் ஞாயிறு, காலமை பத்து மணி. அண்டைக்குத்தான் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பிற நாள் எண்டது இவரைத் தவிர ஒருத்தற்ற மண்டையிலயும் ஏறேல்லை. சாம்பவன் தாயைக் காரில கூட்டிக்கொண்டு வாறதெண்டு ஒழுங்கு. சுதாஜினி பூ வாங்கச் சந்தைக்குப் போயிட்டாள். நான் பழைய சட்டையோட, தலையில எண்ணெயை வைச்சுக் கொண்டையைக் கட்டிக்கொண்டு, உழுந்து மாவுக்க கையை விட்டுக்கொண்டு நிக்கிறன். மணி ஒன்பது தாண்டியிருக்கும். வாசல் மணி அடிக்குது.

இவர் போய்க் கதவைத் திறந்தார். மழையில நனைஞ்ச குடையோட புஷ்பவதி தனிய நிக்கிறாள். குளிர்க் கோட்டுக்குக் கீழால பட்டுச் சீலை தெரியுது.

"பிந்திட்டன் அண்ணன், குறை நினைக்காதங்க" எண்டாள்.

சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தி ஒரு தமிழர் ஒரு வீட்டுக்கு வந்தது மொன்றியல் சரித்திரத்தில இதுதான் முதல் தரமா இருக்க வேணும். அதுவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு!

"பிந்தேல்லை தங்கச்சி. இப்ப ஒன்பதேகால்தானே" எண்டு இவர் சுவரைக் காட்டினார்.

புஷ்பவதி சுவரைப் பாத்தாள், தன்ர கைமணிக்கூட்டைப் பாத்தாள், இவரைப் பரிதாபமாப் பாத்தாள். "உங்கட மணிக்கூடு பிந்தி ஓடுறதெண்டு மகன் சொல்லியிருக்கான் அண்ணன்."

"இண்டைக்கு அது சரி தங்கச்சி! இண்டையில இருந்து சரி!" மனிசன் துள்ளாத குறை. வருஷம் முழுக்கக் காத்திருந்த நாள், வந்த ஆள் நம்ப மாட்டன் எண்டு நிக்குது.

அவள் செருப்பைக் கழட்டிப்போட்டு நேர குசினிக்கு வந்து என்ர அடுப்பைப் பாத்தாள். "இஞ்ச பாருங்க, அக்காட மணிக்கூட்டிலயும் பத்தேகால்."

வடை அவதியில நான் அதைத் திருப்ப மறந்திட்டன். இவர் என்னைப் பாத்த பார்வை இருக்கே! இருபத்தேழு வருஷச் சண்டையில நான் தோத்த இடம் அது. என்ர போனை எடுத்துக் காட்டின பிறகுதான் அவள் நம்பினாள். "ஐயோ! மகன் பத்து மணிக்குக் கூட்டிப் போறன் எண்டு சொல்லிப்போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தான். வேணுமெண்டு படுக்கிறான் எண்டு கோவிச்சுக்கொண்டு பஸ் ஏறி வந்திட்டனே" எண்டு தலையில கையை வைச்சாள்.

முன் அறையில இருங்கோ எண்டு சொல்லியும் கேக்கேல்லை. சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, "தாங்க அக்கா, நான் தட்டுறன், நீங்க எண்ணெயைப் பாருங்க" எண்டு மாவுச் சட்டியை வாங்கினாள். கையை நனைச்சு, உருட்டி, நடுவில பெருவிரலால ஓட்டை போட்டு எண்ணெயில விட்டாள். நல்ல கை. ரெண்டு மூண்டு வடை வெந்து வந்தது. பேந்து என்னைப் பாக்காமலே சொன்னாள்.

"அக்கா, பிள்ளைகள் வாறதுக்கு முதல் உங்களிட்டச் சொல்லிர்ரன். உங்கட மகளில ஒரு குறையும் இல்ல. தங்கமான புள்ள. ஆனா எனக்கு ஏலாது அக்கா."

நான் வடிதட்டை மேசையில வைச்சன். "ஒரு மணித்தியாலச் சந்தேகத்துக்காகவே, புஷ்பவதி? ரெண்டு பிள்ளையளையும் அழ விடப்போறீரே?" எண்டு கேட்டிட்டன். கொஞ்சம் உறைப்பாத்தான் கேட்டன்.

அவள் கோவிக்கேல்லை. "என்ட மகன் பிறந்தவுடனே சாதகம் எழுதினம். இந்த நேரத்தில பிறந்த பிள்ளை தகப்பனுக்கு ஆகாதெண்டு சாத்திரியார் சொன்னார். நாலு வருஷத்தில என்ட மனிசன் மாரடைப்பில போயிட்டார். செத்த வீட்டில, எல்லாருக்கும் முன்னால, என்ட மாமி அவனைக் கையால காட்டிச் சொன்னவ: இவன் பிறந்த நேரம்தான் தகப்பனைத் திண்டதெண்டு. அவன் என்ட சீலையைப் புடிச்சுக்கொண்டு நிண்டவன், அக்கா. நாலு வயசு. என்னத்தைத் திண்டனான் அம்மா எண்டு என்னட்டக் கேட்டவன்." மாவுக் கையைப் பிடிச்சபடி நிண்டாள். "சாத்திரம் ஒருக்காப் பலிச்சதை நான் கண்டவள். ரெண்டாந்தரம் சோதிச்சுப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

எனக்கு வந்த கோவம் எங்க போச்சுதெண்டு தெரியேல்லை. அந்தக் கிழவியைப் பிடிச்சு உலுப்ப வேணும் போல கிடந்தது. அந்த நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கி மடியில வைக்க வேணும் போலயும் கிடந்தது. என்ன சொல்லித் தேத்திறது?

குசினி வாசலில இவர் தட்டத்தில தேத்தண்ணிக் கோப்பையளோட நிக்கிறார். எவ்வளவு நேரமா நிண்டாரோ. முகம் ஒரு மாதிரி.

"தங்கச்சி, சாம்பவன் பிறந்தது எந்த ஆண்டு?"

"தொண்ணூற்றாறு, ஆவணி மாதம்."

"எந்தக் கரையில?"

"படுவான்கரையில. அம்மாட வீட்டில. மருத்துவிச்சி வந்து பாத்தவ."

"என்ன நேரம்?"

"காலையில ஏழரை."

"பழசா, புதுசா?"

அகப்பைக் காம்பால ஒண்டு போடுவமோ எண்டு எனக்குக் கை துடிச்சுது. மனிசி நெஞ்சைத் திறந்து வைச்சு அழுகுது, இந்தாளுக்கு இப்பவும் பழசு புதுசு! ஏசுறதுக்கு வாயைத் திறந்தன். புஷ்பவதியின்ர முகத்தைப் பாத்திட்டு மூடிக்கொண்டன். அவள் எங்கயோ பாத்துக்கொண்டு நிக்கிறாள்.

"மருத்துவிச்சிட மணிக்கூட்டில பாத்தது" எண்டாள் மெல்ல. "அந்தக் கரையில எல்லாருக்கும் பழசுதானே அண்ணன்."

"சாதகம் எங்க எழுதினது?"

"ரவுனில. பிள்ளை பிறந்து முப்பத்தொராம் நாள் கழிஞ்சு நானும் மாமியும் பிள்ளையைக் கொண்டு தோணியில போனம். ஏழரை எண்டு நான்தான் சொன்னன். அவர் எழுதினார்."

"பழசா புதுசா எண்டு அவர் கேட்டவரே?"

"கேக்கல்ல." அவள் தலையை ஆட்டினாள். "எனக்கு நல்ல ஞாபகம் அண்ணன். பிள்ளை வீறிட்டுக் கத்தினவன். இருட்ட முதல் திரும்பித் தோணி ஏற வேணும் எண்டு மாமி அந்தரப்பட்டவ. அவர் ஏழரை எண்டு எழுதினார், நாங்க காசைக் குடுத்திட்டு ஓடி வந்தம். அவரும் கேக்கல்ல, நாங்களும் சொல்லல்ல."

வெத்திலை வாங்கப் போனாலும் பழசா புதுசா எண்டு கேட்ட ஊர். அந்த ஒரு இடத்தில மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை.

இவர் தட்டத்தை மேசையில வைச்சார். பஸ்ஸில அழுகிற சின்னப் பிள்ளைக்கு முன்னால குனியிற மாதிரிக் கொஞ்சம் குனிஞ்சுகொண்டு சொன்னார். "அவர் ரவுனில இருக்கிறவர், தங்கச்சி. புது நேரம் ஏழரை எண்டுதான் கணிச்சிருப்பார். உங்கட பிள்ளை பிறக்கேக்க ரவுனில எட்டரை. அவர் எழுதி வைச்சது பிள்ளை பிறக்கிறதுக்கு ஒரு மணித்தியாலம் முந்தின நேரத்தை."

எண்ணெய் புகையுது.

"அப்ப, தகப்பனுக்கு ஆகாதெண்டு சொன்ன அந்த நேரம்," புஷ்பவதி இவரை நிமிந்து பாத்தாள். "அது என்ட பிள்ளைட நேரமே இல்லையா, அண்ணன்?"

"இல்லை தங்கச்சி. அந்த நேரம் உங்கட பிள்ளை பிறக்கவே இல்லை."

அவள் கதிரையில இருந்தாளே ஒழிய, விழுந்தாள் எண்டுதான் சொல்ல வேணும். மாவுக் கையால முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு அழுகை அழுதாள். இருபது வருஷத்துக்கு மேல அடைச்சு வைச்ச அழுகை. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சன். எனக்கு ஆரும் அழுதாத் தாங்கேலாது, நானும் துவங்கிட்டன். இவர் அடுப்பை நிப்பாட்டிப்போட்டு, என்ன செய்யிறதெண்டு தெரியாமல் கரிஞ்ச வடையளை ஒவ்வொண்டா எடுத்துக் கடதாசியில அடுக்கினார்.

அழுகைக்கு நடுவில அவளுக்குச் சிரிப்பு வந்திட்டுது. "அந்தக் கிழவி இப்ப உயிரோட இருந்திருக்க வேணும் அக்கா! நேர போய்க் கேட்டிருப்பன்!" எண்டாள். நானும் சிரிச்சன். முகம் முழுக்க உழுந்து மாவு ரெண்டு பேருக்கும்.

சிரிச்சு முடியிறதுக்குள்ள எங்கட அரிச்சந்திரன் வாயைத் திறந்தார். "ஆனா ஒண்டு தங்கச்சி. எட்டரைக்குத் திருப்பிக் கணிச்சா வேற ஏதும் தோஷம் வரவும் கூடும். அதையும் ஒருக்கா..."

இந்த முறை நான் நுள்ளினது பட்டது. "ஆ!" எண்டார்.

"வேணாம் அண்ணன்" எண்டாள் புஷ்பவதி. சீலைத் தலைப்பால மூக்கைத் துடைச்சாள். "ஒரு பிழை நேரத்துக்குப் பயந்து பயந்து என்ட பிள்ளையை வளத்திட்டன். இனிச் சரியான நேரத்துக்கும் பயப்பட மாட்டன்." பேந்து என்ர பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்கட மகள் பிறக்கக்குள்ள நீங்க மணி பாத்தீங்களா?"

"இல்லையடி. பிள்ளை அழுகுதா எண்டுதான் பாத்தன்."

"நானும் அதைத்தான் பாத்தன்" எண்டாள்.

கரிஞ்சதை எறிஞ்சுபோட்டு நாங்கள் ரெண்டு பேரும் மிச்ச மாவையும் தட்டினம். வடை சிவந்து வருது, நாங்கள் கதைச்சுக்கொண்டே நிக்கிறம், அப்ப வாசல் கதவு படாரெண்டு திறக்குது. சாம்பவன் மூச்சு வாங்க ஓடி வாறான், கோட்டுப் பொத்தானை மாறிப் பூட்டியிருக்கிறான்.

"அம்மா! எங்க போனீங்க? எழும்பிப் பாத்தா ஆளில்லை, போனை மேசையில விட்டிட்டு வந்திருக்கிறீங்க!"

அவனுக்குப் பின்னால சுதாஜினி, கையில பூக்கட்டு. எங்கட சிவந்த கண்ணையும் மாவு முகத்தையும் கண்ட உடன அவளின்ர முகம் கறுத்துப்போச்சு. இல்லை எண்டு சொல்லியாச்சு எண்டுதான் பிள்ளை நினைச்சிருப்பாள். அந்தப் பூக்கட்டு மெல்லக் கீழ இறங்கிச்சுது.

புஷ்பவதி நேர மகனிட்டப் போனாள். அவனுக்குத் தோள் உயரம்தான் இருப்பாள். அண்ணாந்து பாத்து, அவன்ர ரெண்டு கன்னத்தையும் பிடிச்சாள்.

"மனே, நீ பிறந்த நேரம் அப்பாவைத் தின்னல்லடா. அவங்க எழுதினது உன்ட நேரம் இல்ல. நான் பிழையாச் சொல்லிட்டன். பழைய நேரத்தைச் சொல்லிட்டன்."

அவனுக்கு ஒண்டும் விளங்கேல்லை. இவர் பின்னால நிண்டு வாவி, தோணி, ரெண்டு கரை எண்டு கையைக் கையை ஆட்டி விளங்கப்படுத்தினார். அவன் கேட்டுக்கொண்டு நிண்டான். சிரிக்கிற வாய் சிரிக்கேல்லை.

"நான் அதை நம்பினதில்லை அம்மா. பள்ளிக்கூடம் போகத் துவங்கின உடனயே நம்புறதை விட்டிட்டன்" எண்டான். "நீங்கள் நம்புறீங்கள் எண்டு தெரியும். அதுதான் எனக்கு நொந்தது."

புஷ்பவதி அவன்ர நெஞ்சில முகத்தை வைச்சுக்கொண்டு நிண்டாள். அவன் தாயின்ர முதுகைத் தடவிக்கொண்டே நிண்டான். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சீறினார்.

சுதாஜினி மட்டும் பூக்கட்டோட வாசலிலயே நிக்கிறாள், பாவம். ஆற்ற முகத்தைப் பாக்கிறதெண்டு தெரியாமல் ஒவ்வொருத்தரா மாறி மாறிப் பாத்தாள். கடைசியில பொறுக்கேலாமல் கேட்டிட்டாள்.

"அப்ப, ஓமோ, இல்லையோ? ஆரும் எனக்குச் சொல்லுங்கோவன்!"

புஷ்பவதி மகனைப் பிடிச்ச கையை விடாமல், மற்றக் கையை அவளிட்ட நீட்டினாள்.

"ஓம் மகள். உள்ள வா, வடை ஆறுது" எண்டாள்.